பள்ளத்தாக்கின் முதல் பிள்ளை

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மே மாதம் பதினைந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நாங்கள் அந்த வீட்டு வாசலில் வான் வண்டியை நிறுத்தினோம்.

டென்மார்க்கில் மலை கிடையாது. நாட்டின் மிக உயர்ந்த இடத்துக்கு ஏறி இறங்கி வருவதற்குள் போத்தலில் கொண்டுபோன தேத்தண்ணிகூட ஆறாது. அப்படிப்பட்ட நாட்டில் ஒரு மனிதன், செதுக்கிய மரப் பல்கணியும், கற்களை ஏற்றி வைத்த கூரையும், யன்னல் பலகைகளில் இருதய வடிவத் துளைகளுமாக, ஆல்ப்ஸ் மலையில் இருக்க வேண்டிய ஒரு வீட்டைக் கடலோர மேட்டில் கட்டி வைத்திருந்தான். பார்த்தவுடனேயே எனக்கு அவனைப் பிடிக்காமல் போய்விட்டது. அவன் செத்து மூன்று மாதமாகிவிட்டது என்பது அதற்கு ஒரு தடையாக இருக்கவில்லை.

என் பெயர் மேரிசெலின். சொந்த இடம் மட்டக்களப்பு. அல்பர்ட்ஸ்லுண்டில் தனியாக இருக்கிறேன். கிழமை நாட்களில் ஒரு பள்ளிக்கூடத்தைத் துப்புரவு செய்வேன். விடுமுறை எடுக்க முடிகிற நாட்களில் கோணேசன் அத்தானோடு போவேன். என் பெரியம்மா மகளின் கணவர் அவர். இஷொயில் இருக்கிறார். செத்தவர்களின் வீடுகளைச் சாமான் அகற்றி ஒதுக்கிக் கொடுப்பது அவர் தொழில். கலியாண வீடுகளில் தன்னை ஒரு கம்பனியின் ‘டிரெக்டர்’ என்று அறிமுகப்படுத்திக்கொள்வார். கம்பனி என்பது அவரும், ஒரு வெள்ளை வானும், நானும்தான்.

“வாளி, துணியெல்லாம் ஏத்தினனீயோ?”

“ஓம் அத்தான்.”

“அப்ப முகத்தை ஏன் உப்பிடி வச்சிருக்கிறாய்? வாடிக்கைக்காரி வாறாள். கொஞ்சம் சிரி.”

என் முகம் அப்படி இருந்ததற்குக் காரணம் அவருக்குத் தெரியும். என் தங்கை றெஜினா வன்னியில் இருந்தாள், கடலுக்கும் கடலேரிக்கும் நடுவே கிடந்த அந்தக் கடைசி மணல் துண்டில், ஆறு வயது மகள் மேரிகிறேஸோடு. ஏப்ரல் நடுவில் யாரிடமோ இரந்து வாங்கிய தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேசினாள். அந்த இரண்டு நிமிடத்தில் நான் சொன்னது இதுதான்: “அப்பவே சொன்னனான் எல்லோ, அந்த உழவு மிசின்காரனைக் கட்டாதே எண்டு.” அவள் “ஓம் அக்கா” என்றாள். தொடர்பு அறுந்தது. அதன் பிறகு ஒன்றும் இல்லை.

கோபன்ஹேகனில் நம்மவர்கள் சண்டையை நிறுத்தச் சொல்லிக் கொடி பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒலிவாங்கியை யார் பிடிப்பது என்று அங்கேயும் இரண்டு பிரிவாகச் சண்டை பிடித்தார்கள். “கொடி பிடிச்சா குண்டு நிக்குமோ?” என்று அத்தான் சிரித்தார். அவர்களையும் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் சொன்னது சரியாக இருந்ததால் அவரை இன்னும் பிடிக்கவில்லை.

செத்தவனின் மகள் கியர்ஸ்டன் வந்தாள். அறுபது வயது இருக்கும். உயரமானவள். வெள்ளைச் சப்பாத்து போட்டிருந்தாள். வாசற்படியைத் தாண்டி ஓர் அடிகூட உள்ளே வரவில்லை. கதவுத் திறப்பை நீட்டினாள்.

“எனக்கு ஒன்றும் வேண்டாம். திங்கட்கிழமை வீடு வெறுமையாக இருந்தால் போதும்” என்றாள் டேனிஷில்.

“படங்கள்கூட வேண்டாமா?” என்று கேட்டேன்.

“எல்லாம் மலைப் படங்கள். ஒன்றிலும் நான் இல்லை.”

அவள் போய்விட்டாள்.

உள்ளே போனோம். நடைவழி முழுவதும் பனிச்சறுக்குப் பலகைகள், கயிற்றுச் சுருள்கள், பனிக்கோடரிகள், ஆணி அடித்த கனத்த சப்பாத்துகள். சுவர்களில் அவன். ஒவ்வொரு படத்திலும் ஒரு சிகரத்தின் உச்சியில், ஒரு சிலுவைக்குப் பக்கத்தில், வேறு ஒருவரும் தான் நிற்கும் இடத்துக்கு ஏறிவிடக் கூடாது என்ற முகத்தோடு நின்றான். பெயர் அக்ஸல். பாடசாலை ஆசிரியன். ஆனால் ஊர் ஊராகப் போய் விரிவுரை செய்கிற பழக்கம் இருந்ததால் ‘டொக்டர்’ என்று எழுதி வைத்துக்கொண்டிருந்தான்.

பெரிய அறையில் அந்தப் பள்ளத்தாக்கு இருந்தது.

மேசைப்பந்து ஆடுகிற அளவு மேசை. அதன் மேல் சுண்ணச் சாந்தில் செய்த ஒரு முழுப் பள்ளத்தாக்கு. ஒஸ்ரியாவுக்கும் இத்தாலிக்கும் இடையில் எங்கேயோ இருக்கிறதாம். இரண்டு பக்கமும் மலைத் தொடர். வடக்குத் தொடரின் முதுகு வழியே சிவப்புக் கோடாக எல்லை. ஒரு காலத்தில் பனியாறு அரைத்துக்கொண்டு போனதால் நடுவில் தொட்டி மாதிரி அகன்று கிடந்தது நிலம். அதில் நீல நிறத்தில் ஓர் ஆறு. பச்சைப் புள்ளிகள் கோடையில் நடக்கிறவர்களுக்கான பாதைகள். வெள்ளைக் கோடுகள் பனிச்சறுக்குகிற சரிவுகள். சின்னச் சின்னக் குண்டூசிக் கொடிகள் மலையேறிகள் தங்கும் குடில்கள். கீழே, மேசையின் தெற்கு ஓரத்தில், பெருவிரல் நகமளவு தேவாலயத்தோடு ஒரு கிராமம்.

எல்லைக் கோட்டிலிருந்த கணவாய்க்குச் சற்றுக் கீழே ஒரு பாறை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதன் அடியில் ஒரேயொரு கறுப்புக் கொடி. இலக்கம் ஒன்று. அவன் தட்டச்சுச் செய்து ஒட்டிய குறிப்பைப் படித்தேன்: ‘பனியுகம் முடிந்து பனி மேலே பின்வாங்கியபோது, காட்டாடுகளைத் துரத்திக்கொண்டு வேட்டைக்காரர்கள் இந்த உயரத்துக்கு ஏறி வந்தார்கள். இந்தப் பாறையின் கீழ் தீ மூட்டித் தங்கினார்கள். பள்ளத்தாக்கின் முதல் மனிதரை 1948 ஆகஸ்ட் மாதம் இங்கே நான் கண்டுபிடித்தேன்.’

‘நான்’ என்ற சொல்லின் கீழே கோடு போட்டிருந்தான்.

“உதை எப்பிடி வெளியில எடுக்கிறது?” என்று அத்தான் மேசையைச் சுற்றி வந்தார். “கோடரியால கொத்தித்தான் எடுக்க வேணும். கடைசியாப் பாப்பம்.”

மத்தியானம் வரை சாமான்களைச் சுமந்து முற்றத்தில் நின்ற இரும்புக் கொண்டெய்னருக்குள் எறிந்தோம். வெளியே நல்ல வெயில். கடற்கரைக்கு இறங்குகிற மரப்படிகளில் சைக்கிள் தொப்பியோடு மனிதர்கள் ஏறி இறங்கினார்கள். சின்ன மேட்டில் ஏறிவிட்டு இடுப்பில் கை வைத்துக் காட்சி பார்த்தார்கள். இந்த நாட்டில் மூச்சு வாங்குவதற்குக்கூடத் தனி உடுப்பு வாங்குவார்கள்.

மேசையைத் துடைக்கப் போனபோது முதலில் அதைக் கண்டேன்.

கறுப்புக் கொடியிலிருந்து கீழ்நோக்கி, சுண்ணத்தின் மேல், எள்ளளவு ஈரப் புள்ளிகள். ஒன்று வலம், ஒன்று இடம், ஒன்று வலம், ஒன்று இடம். ஒரு விரல் நீளத்துக்குப் போய் நின்றிருந்தன.

கூரை ஒழுகுகிறது என்று நினைத்தேன். மழை பெய்து ஒரு கிழமை ஆகியிருந்தது. துணியால் துடைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது புள்ளிகள் ஒரு சாண் நீளத்துக்கு இருந்தன.

மறுபடி துடைத்தேன். துணி மட்டும் அல்ல, விரல் நுனிகளும் சில்லிட்டன. அறைக்குள் ஒரு மணம் வந்தது. நனைந்த கம்பளி மணம். அதோடு, அணைந்துபோன விறகின் புகை. பெரிய யன்னலால் வெயில் நேரே என் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

வெயிலுக்குள் என் மூச்சு வெள்ளையாகத் தெரிந்தது.

“அத்தான், இந்த அறை ஏன் இப்பிடிக் குளிருது?”

“ஹீற்றர் நிப்பாட்டி மூண்டு மாசம். பின்னை என்ன, கொதிக்கவோ? வேலையைப் பார் செலின்.”

அன்றிரவு நான் வீட்டில் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு செய்தி பார்த்தேன். அதைத் தவிர வேறு ஒன்றையும் நினைக்கவில்லை.

சனிக்கிழமை காலை நாங்கள் போனபோது, புள்ளிகள் பச்சைப் பாதை வழியே இறங்கி, ஆற்றைக் கடந்து, கிராமத்துக்கு மேலேயுள்ள கடைசி வளைவில் வந்து நின்றன.

வீடு இரவு முழுவதும் பூட்டிக் கிடந்தது.

நான் அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார். “எலி,” என்றார். “நனைஞ்ச எலி.” பிறகு என்னைப் பார்த்தார். “நித்திரை கொண்டனீயோ நீ? அங்கை செத்துக்கொண்டிருக்கிறதுகளை நினைச்சு நினைச்சு இஞ்சை உனக்கு விசர் பிடிக்கப் போகுது. அது முடிஞ்சுது. விளங்குதோ? முடிஞ்சுது.”

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு மற்ற அறைக்குப் போனேன். அவரோடு கதைத்தால் அவருக்குச் சமமாகிவிடுவேன் என்று எனக்கு ஒரு எண்ணம். அந்த எண்ணத்தோடுதான் என் தங்கையோடும் கதைத்திருக்கிறேன்.

பன்னிரண்டு மணிக்கு, அலுமாரியின் அடித்தட்டில், அந்தப் பெட்டியைக் கண்டெடுத்தேன்.

மரப்பெட்டி. கண்ணாடி மூடி. உள்ளே பஞ்சின் மேல் எலும்புகள். சின்ன எலும்புகள். தேங்காய்ச் சிரட்டையைவிடக் கொஞ்சம் பெரிய மண்டையோடு. ஒவ்வொன்றிலும் மையால் இலக்கம் போட்டிருந்தான். மேலே ஒட்டிய குறிப்பில், ‘பள்ளத்தாக்கின் முதல் பிள்ளை. ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டு.’

மூடியின் உள்பக்கத்தில் ஒரு சிறிய உறை ஒட்டியிருந்தது. அதன் மேல் அவன் கையெழுத்தில் இரண்டு சொற்கள்: ‘இதில் சேராதவை.’

பிரித்துக் கையில் கொட்டினேன். மூன்று கறுத்த பொத்தான்கள். சப்பாத்து நாடா கோக்கிற ஓர் இரும்பு வளையம். ஒரு மெல்லிய சங்கிலி. சங்கிலியில் ஒரு மாதா பதக்கம்.

அதைப் போலவே ஒன்று என் கழுத்தில் கிடந்தது.

காட்டாட்டைத் துரத்திக்கொண்டு வந்த வேட்டைக்காரனின் பிள்ளை மாதா பதக்கம் போட்டிருக்க முடியாது என்பதை அறிய விரிவுரை கேட்கத் தேவையில்லை. அவனுக்கும் அது தெரிந்திருந்தது. தெரிந்துதான் தனியாக உறையில் போட்டான். பத்தாயிரம் வருடத்துக்கு இடைஞ்சலாக இருந்ததை எடுத்து ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்கு இலக்கம் போட்டான்.

பெட்டியைக் கொண்டுபோய் அத்தானிடம் காட்டினேன். அவர் சிரித்தார்.

“பெரிய கள்ளன்தான். சரி, கொண்டெய்னருக்குள்ள போடு.”

“இது ஒரு பிள்ளை, அத்தான்.”

“எலும்பு. எங்கட வேலை வீடு ஒதுக்கிறது. சவக்காலை வைக்கிறதில்லை.”

நான் பெட்டியைப் படியில் வைத்துவிட்டு கியர்ஸ்டனுக்குத் தொலைபேசி எடுத்தேன். பதக்கத்தைப் பற்றிச் சொன்னேன். எங்கேயோ தேநீர்க் கோப்பையில் கரண்டி முட்டும் சத்தம் கேட்டது.

“ஒரு பெண் அப்பாவுக்குக் கடிதம் போடுவாள்,” என்றாள் பிறகு. “அந்தப் பள்ளத்தாக்குக் கிராமத்திலிருந்து, வருடத்துக்கு ஒன்று. இரண்டாம் உலகச் சண்டை முடிகிற குளிர்காலத்தில் தாயும் மகளுமாகக் கணவாயைக் கடந்து ஓடி வந்திருக்கிறார்கள். பனிப்புயலில் மகள் பிரிந்துபோனாளாம். ஐந்து வயது. அந்தப் பாறைப் பக்கம் கிண்டியவர் நீங்கள், ஏதாவது கண்டீர்களா என்று கேட்பாள்.”

“அவர் என்ன பதில் போட்டார்?”

“பதில் போடவில்லை. சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். சிவப்புப் பென்சிலால் அவளுடைய ஜெர்மன் பிழைகளைத் திருத்துவார். நாங்கள் சிரிக்க வேண்டும்.”

“நீங்கள் சிரித்தீர்களா?”

“நான் சின்னப் பிள்ளை,” என்றாள். பிறகு, “சிரித்தேன்,” என்றாள். “தயவுசெய்து அதை எறிந்துவிடுங்கள்.” தொலைபேசியை வைத்துவிட்டாள்.

நான் திரும்பியபோது படியில் பெட்டி இல்லை. முற்றத்தில் அத்தான் அதைக் கொண்டெய்னரின் விளிம்புக்கு மேலால் எறிந்துகொண்டிருந்தார். கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது.

நான் ஓடிப்போய்த் தடுக்கவில்லை. ‘என்ன மனிதனடா நீ’ என்று மனதுக்குள் சொன்னேன். எனக்கு அது போதுமாக இருந்தது. பதக்கம் மட்டும் என் ஏப்ரன் பைக்குள் கிடந்தது. மேசையைக் காலி செய்யப் பெரிய அறைக்குப் போனேன்.

அறைக்குள் கூழாங்கற்கள் உருளும் சத்தம் கேட்டது. மிக மெல்ல. யாரோ செங்குத்தான இடத்தில் கால் வைத்து, வழுக்கி, மறுபடி கால் வைப்பதுபோல.

மேசையில் புள்ளிகள் தேவாலயத்தைத் தாண்டியிருந்தன.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த புள்ளி விழுந்தது.

அதற்கு அடுத்தது.

அதற்கு அடுத்தது மேசையின் விளிம்பில்.

பிறகு சத்தம் நின்றது. நனைந்த கம்பளி மணம் அறையை நிறைத்தது. என் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன.

மேசைக்குக் கீழே, பலகைத் தரையில், ஓர் ஈரச் சுவடு இருந்தது.

எள்ளளவு அல்ல. என் உள்ளங்கை நீளத்துக்கு. ஐந்து விரலும் தெரிகிற வெறுங்காற் சுவடு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று விழுந்தது. அது சப்பாத்துச் சுவடு. ஆணிகளின் தடம் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஒரு காலில் சப்பாத்து. மற்றக் காலில் இல்லை.

சுவடுகள் என்னைக் கடந்து போயின. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அவை திறந்திருந்த கதவு வழியே வெயிலுக்குள் இறங்கின. முற்றத்துச் சல்லிக் கற்களில் ஒன்றும் தெரியவில்லை.

யன்னலால் பார்த்தேன். அத்தான் கொண்டெய்னருக்குள் ஏறி நின்று, சாமான்களைக் காலால் மிதித்து அமுக்கிக்கொண்டிருந்தார். திடீரென்று நின்றார். குனிந்து, தன் இடுப்பளவு உயரத்தில், பக்கத்தில் பார்த்தார்.

“ஆர் பிள்ளை நீ?” என்றார்.

அவர் அப்படி மென்மையாகப் பேசி நான் கேட்டதே இல்லை. வீதி கடக்க நிற்கிற பிள்ளைக்கு நீட்டுவதுபோல, யோசிக்காமல், வலது கையை நீட்டினார்.

பிறகு அலறினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கொண்டெய்னரிலிருந்து விழுந்து சல்லிக் கற்களில் கிடந்தார். வலது கை மணிக்கட்டு வரை வெள்ளையாக இருந்தது. தொட்டேன். இறைச்சிக் கடையின் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்ததுபோல விறைத்திருந்தது. மயிர்களில் உறைபனி. மே மாதத்து வெயில் முற்றத்தில் எரிந்துகொண்டிருந்தது.

“விடச் சொல்லு செலின்! விடச் சொல்லு!”

“ஒருதரும் இல்லை அத்தான்.”

“என்னைப் பிடிச்சு இறங்கப் பாக்குது… நான் உதறினன். உதற உதறப் பிடிக்குது.”

அவர் அழுதார். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அம்புலன்சுக்கு எடுத்தேன். வந்தவர்களில் ஒருவன் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் எங்கே குளிரறை இருக்கிறது என்று கேட்டான். இல்லை என்றேன். அவன் நம்பவில்லை. அத்தானை ஏற்றிக்கொண்டு போனார்கள். கூட வர இடமில்லை என்றார்கள்.

வான் முற்றத்தில் நின்றது. எனக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. பஸ் தரிப்பு மேட்டுக்குக் கீழே, கடற்கரைத் தெருவில் இருந்தது. பையை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம்.

நான் கொண்டெய்னருக்குள் ஏறினேன். இரக்கம் என்று நினைக்க வேண்டாம். ஒரு தாய் வருடா வருடம் எழுதிய கடிதத்தில் இலக்கணம் திருத்திய அந்த மனிதனின் சறுக்குப் பலகைகளுக்கும் சப்பாத்துகளுக்கும் இடையே அந்தப் பிள்ளை கிடப்பது எனக்கு அருவருப்பாக இருந்தது. அவ்வளவுதான். உடைந்த கண்ணாடியை ஒதுக்கி, எலும்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பஞ்சில் வைத்தேன். விரல் எலும்புகள் அரிசிமணி மாதிரி இருந்தன. பதக்கத்தையும் பெட்டிக்குள் வைத்தேன். பெட்டியை வலது இடுப்பில் இடுக்கிக்கொண்டு மரப்படிகளின் உச்சிக்கு வந்தேன்.

எண்பத்து நான்கு படிகள். கீழே கடல் பளபளத்தது.

முதற்படியில் கால் வைத்தேன்.

என் இடது கையின் கடைசி இரண்டு விரல்களை யாரோ பிடித்தார்கள்.

எலும்புவரை குளிர் ஏறியது. ஊசியால் குத்துவதுபோல இருந்தது. அத்தான் உதறினார் என்பது நினைவுக்கு வந்தது. என் கையும் உதறத்தான் துடித்தது. பக்கத்தில் குனிந்து பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. கடலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பிடி இறுக்கமாக இருக்கவில்லை. விழப்போகிற பிள்ளையின் பிடிதான்.

“மெல்ல,” என்றேன். “பாத்து இறங்கு.”

தமிழ் அதற்கு விளங்கியிருக்காது. ஆனாலும் இறங்கியது. சின்னப் பிள்ளைகள் படி இறங்குவதுபோல, ஒரு படியில் இரண்டு காலையும் வைத்து, நின்று, பிறகு அடுத்தது. டொக். ஆணிச் சப்பாத்து. பிறகு வெறுங்கால் மரத்தில் ஒட்டி எழும்புகிற சத்தம். டொக். நான் ஒவ்வொரு படியிலும் காத்து நின்றேன். ஐம்பதாவது படியில் விரல்கள் மரத்துப்போய்விட்டன. எதிரே ஏறி வந்த ஒரு டேனிஷ்காரர், மூச்சு வாங்கியபடி, “நல்ல நாள்!” என்றார். என் இடது பக்கத்தில் நிறைய இடம் விட்டு ஒதுங்கி ஏறிப் போனார். ஏன் ஒதுங்கினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கடைசிப் படியில் பிடி விட்டது.

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். விரல்களில் உணர்ச்சி திரும்ப ஒரு மணித்தியாலம் எடுத்தது.

மறுநாள் போலீசுக்குப் போனேன். மேசைக்குப் பின்னாலிருந்தவன் பெட்டியைவிட என்னைத்தான் அதிகம் பார்த்தான். ஆனாலும் எடுத்தார்கள். பரிசோதித்தவர்கள் பிறகு சொன்னார்கள்: பெட்டியில் ஒரேயொரு பிள்ளைதான் இருந்தது, பெண், ஐந்து வயது, இறந்து அறுபது சொச்சம் வருடம். பத்தாயிரம் வருடத்து எலும்பு ஒன்றுகூட இல்லை. அந்த டொக்டர் நாற்பது வருடம் ஊர் ஊராகக் காட்டிய ஆதி மனிதர் அவ்வளவுதான்.

கியர்ஸ்டனிடம் ஒரு கடித உறை இருந்தது. சின்ன வயதில் முத்திரை சேர்த்திருக்கிறாள். முத்திரைக்காக வைத்திருந்த உறையின் பின்பக்கத்தில் அந்தப் பெண்ணின் பெயரும் விலாசமும். யாரும் கேட்காமலே அதைப் போலீசுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அவள் செய்த ஒரே நல்ல காரியம் அது. நான் அவளுக்கு நன்றி சொல்லவில்லை.

அத்தானுக்கு இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மிசினுக்குள் கை போய்விட்டது என்று எல்லோருக்கும் சொல்கிறார். வானை விற்றுவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

“உன்னையும் பிடிச்சதோ?”

“ஓம்.”

“பிறகு?”

“கூட்டிக்கொண்டு இறங்கினன்.”

அவர் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்தத் திங்கட்கிழமை, மே பதினெட்டாம் தேதி, பள்ளிக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது சண்டை முடிந்துவிட்டது என்று வானொலியில் சொன்னார்கள். ஆசிரியர் அறையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த ஒருத்தி, “உங்கள் நாட்டில் சண்டை முடிந்ததாம், நல்லதுதானே?” என்று என்னிடம் கேட்டாள். நான் தரையைத் துடைத்தேன்.

ஜூலையில் முகாமிலிருந்து ஒரு கடிதம் வந்தது. றெஜினாவின் கையெழுத்து. அவள் இருக்கிறாள். கணவன் இல்லை. மே பதினாறாம் தேதி, சனிக்கிழமை, சனத்தோடு சனமாகக் கடலேரிக்குள் இறங்கியிருக்கிறார்கள். தண்ணீர் நெஞ்சளவு. பின்னாலிருந்து வெடிச்சத்தம் வர சனம் ஒரேயடியாகத் தள்ளியது. ‘பிள்ளையின் கை வழுகிப்போயிற்று அக்கா. நான் விடவில்லை. வழுகிப்போயிற்று.’ இதை மூன்று தரம் எழுதியிருந்தாள். எழுத்துப் பிழைகள் நிறைய இருந்தன. நான் ஒன்றையும் திருத்தாமல், ஒவ்வொன்றையும் அப்படியே வாசித்தேன். உழவு மிசின்காரனைப் பற்றி எழுதிய வரியை மட்டும் இரண்டாம் தரம் வாசித்தேன். கடலேரிக்கு முன்னே தான் செத்து விழும்வரை கிறேஸைத் தோளில் சுமந்தவன் அவன்தான்.

ஒக்ரோபரில் அந்தப் பள்ளத்தாக்கின் பாதிரியார் ஒரு படம் அனுப்பினார். முதற்பனி விழுந்த சேமக்காலை. பழைய கல்லறை ஒன்றுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சின்னக் குழி. தாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டோம், இனி அமைதியாக உறங்குவாள் என்று எழுதியிருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நவம்பரில் ஒரு நாள், பின்னேரம் நாலு மணி. வேலை முடிந்து அல்பர்ட்ஸ்லுண்ட் ரயில் நிலையத்தில் இறங்கினேன். மேடையிலிருந்து படிகளில் இறங்கத் தொடங்கினேன். சனம் என்னைக் கடந்து வேகமாக இறங்கியது.

இடது கையின் கடைசி இரண்டு விரல்கள் குளிர்ந்தன.

டொக்.

நான் நின்றேன். பயம் வந்தது, ஆனால் பழைய பயமல்ல. புதைத்த பிறகும் வந்திருக்கிறதே, யாருக்காக வந்திருக்கிறது என்று யோசித்தேன். பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு விலகிப் போனார்கள்.

“மெல்ல,” என்றேன். “அவசரமில்லை.”

அப்போது என் வலது கையையும் யாரோ பிடித்தார்கள்.

அந்த விரல்கள் குளிரவில்லை. சூடாக இருந்தன. வேர்த்திருந்தன. உள்ளங்கையில் கடலேரி மணல் ஒட்டியிருந்தது. நாங்கள் இறங்கினோம். ஒரு பக்கம் ஆணிச் சப்பாத்து படியில் முட்டியது. மற்றப் பக்கம், நவம்பர்க் குளிரில், ஒரு ரப்பர் செருப்பு குதிக்காலில் அடித்து அடித்து என்னோடு இறங்கி வந்தது.